மீளாய்வுக் கூட்டத்தில் மூல காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாதாந்த மீளாய்வில் ஒரே பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறதென்றால், விசாரணை பெரும்பாலும் ஓர் ஆளின் பெயரோடு நின்றிருக்கும். டொயோட்டா கார் நிறுவனத்தில் பொறியாளர் தைச்சி ஓனோ பரப்பிய ‘ஐந்து ஏன்’ முறை, அதாவது கிடைக்கும் ஒவ்வொரு பதிலுக்கும் மீண்டும் ‘ஏன்?’ என்று கேட்பது, அந்த இடத்தைத் தாண்ட உதவும்.

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து சிவந்து வருகிறது என்று வைப்போம். ஏன்? சாக்குக்குள் சூடேறிவிட்டது. ஏன்? அமுக்கி அடைத்தார்கள்; கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் நெடுநேரம் கிடந்தது. இங்கே காரணம் இரண்டாகப் பிரிகிறது, இரண்டையும் தொடருங்கள். அமுக்கியது சாக்குப் பற்றாக்குறையால். கிடந்தது, நிறுவை நேரத்தை மாற்றியவர்கள் லொறி நேரத்தை மாற்றாததால். கொழுந்தெடுத்த அக்காமார்மீது பழி போட்டிருந்தால் இதெல்லாம் வெளியே வந்தே இராது. நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

ஐந்து என்ற எண்ணிக்கை கட்டாயமில்லை. குழுவால் மாற்றக்கூடிய ஒன்றை எட்டியதும் நிறுத்துங்கள். அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, அடுத்த கூட்டத்தில் முதலில் அதைக் கேளுங்கள்.