சென்னையில் ஒரு பகல் மட்டும் கையில் இருந்தால் எந்தப் பழைய நூலகத்துக்குப் போகலாம்?

ராமநாதபுரத்திலிருந்து வேலை விஷயமாகச் சென்னை வருகிறவர், ஒரு பகல் சும்மா இருக்கிறது, பழைய நூலகங்களில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார். நானும் கீழக்கரைக்காரன்தான், அதனால் நம்ம பக்கத்து ஆளிடம் பேசுகிற மாதிரியே சொல்லிவிடுகிறேன். போகும்போது நம் ஊரைப் பற்றி ஏதாவது ஒரு கேள்வியோடு போங்கள். சும்மா சுற்றிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும்.

முதலில் கன்னிமாரா. ராத்திரி ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்குகிறவர்களுக்கு நடக்கிற தூரம்தான், பாந்தியன் சாலையில் மியூசியம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1890இல் அடிக்கல் நாட்டி 1896இல் திறந்தார்கள். இங்கிலாந்தில் ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிப்போன புத்தகங்கள் கப்பலேறி மதராசுக்கு வந்ததில் ஆரம்பித்த கதை இது. தேக்கு மர வேலைப்பாடு, வளைவுகள், வண்ணக் கண்ணாடி என்று பழைய கட்டடம் அழகுதான். ஆனால் விஷயம் வேறு. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியை நான்கு நூலகங்களுக்கு அனுப்பியாக வேண்டும் என்று 1954இல் சட்டம் வந்தது, பிறகு அதில் செய்தித்தாளையும் சேர்த்தார்கள். அந்த நான்கில் கன்னிமாராவும் ஒன்று. அதனால் தனுஷ்கோடி புயலைப் பற்றிப் பாட்டி சொன்னதைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றால், 1964 டிசம்பர் கடைசி வாரத்துப் பேப்பரைக் கேட்டுப் பாருங்கள். பைண்டு செய்த பழைய பேப்பரைத் திருப்பும்போது இரண்டு கையாலும் தாங்கித் திருப்புங்கள், ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

அடுத்து தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். என்னைக் கேட்டால் ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் இங்கேதான் போவேன். ரோஜா முத்தையா கோட்டையூர்க்காரர், கோட்டையூர் இப்போது சிவகங்கை மாவட்டம் என்றாலும் 1985 வரை நம் ராமநாதபுரம் மாவட்டம்தானே! சைன்போர்டு எழுதிப் பிழைத்த மனிதர், பெரிய ஜமீனும் இல்லை, பேராசிரியரும் இல்லை. புத்தகம், பத்திரிகை என்று நிறுத்தாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்து வைத்தார், மொத்தம் ஏறக்குறைய ஒரு லட்சம். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, ஆனால் அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். அதுவரைக்கும் நம் அதிர்ஷ்டம். கல்யாணப் பத்திரிகையை யாராவது பாதுகாப்பார்களா என்று வீட்டில் கேட்பார்கள், ஆனால் அந்தக் காலத்தில் யார் பெயரை எங்கே போட்டார்கள், எந்த அச்சகத்தில் அடித்தார்கள் என்பதெல்லாம் வேறெங்கே கிடைக்கும்?

பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், அவர் மறைந்த மறு வருஷம், 1943இல் தொடங்கியது. அவர் ஊர் ஊராக அலைந்து தேடிய சுவடிகள் அங்கே இருக்கின்றன. 1898இல் அவர் பதிப்பித்த மணிமேகலை அச்சேறியபோது பொருளுதவி செய்தவர்களில் நம் பாண்டித்துரைத் தேவரும் ஒருவர், அப்புறம் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வைத்தாரே, அவரேதான். சாயல்குடி பக்கம் பனங்காட்டிலேயே வளர்ந்தவர்களுக்குக்கூட ஓலையில் எழுதியதைப் படிப்பது லேசில்லை. எழுத்தாணி கீறியது மட்டும் இருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது, கரியைத் தடவித் துடைத்த பிறகுதான் வரி வரியாக எழும்பி வரும். பூச்சி அண்டாமல் இருக்கப் புல்தைலம் பூசுவார்கள்.

மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை. 1812இல் தொடங்கியது, வயதில் இவற்றுக்கெல்லாம் மூத்தது. கூரையை முட்டும் அலமாரிகளைப் பார்க்கவாவது எட்டிப் பார்க்கலாம், பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகம்தான். அடையாறு நூலகம், பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆல்காட் 1886இல் வைத்தது, சமஸ்கிருதம், தத்துவம் என்று தேடுகிறவர்களுக்கு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள், டிராபிக்கிலேயே பொழுது போய்விடும். காலையில் கன்னிமாரா, மத்தியானம் தரமணி, அவ்வளவுதான். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பேனாவுக்குப் பதில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறை நாளா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.