24 வோல்ட் லாரிக்கு எந்த ஜம்ப் ஸ்டார்ட்டர்?

அண்ணே, பேட்டரி படுத்தா வண்டியை ஸ்டார்ட் பண்ண கார்க்காரங்க வச்சிருக்கிற அந்தக் குட்டி பேட்டரி பேக், ஜம்ப் ஸ்டார்ட்டரை பத்து சக்கர லாரிக்கு வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். அது 12 வோல்ட். உங்க வண்டியில ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸ்ல (ஒண்ணோட ஒண்ணு தொடரா) சேர்ந்து 24 வோல்ட். டாடா ஏஸ், பொலேரோ பிக்கப்னா சரி, உங்களுக்கு ஆகாது. 24 வோல்ட் பேக் தனியா கிடைக்குது, விலை கூட. பெட்டியில போட்டிருக்கிற ஆம்பியர் கணக்கு பெரும்பாலும் கொஞ்ச நேர உச்சம்தான், அதை நம்பி முடிவெடுக்காதீங்க. வெயில்ல நிக்கிற கேபின்ல லித்தியம் பேக்கைப் போட்டு வைக்கிறதும் நல்லதில்லை.

என் ஓட்டு, இன்னொரு வண்டி பேட்டரியிலிருந்து கரன்ட் எடுக்கிற ஜம்பர் கேபிளுக்குத்தான். ரோட்டுல உதவிக்கு இன்னொரு லாரி எப்படியும் வரும். 50 சதுர மி.மீ. செம்பு வெல்டிங் கேபிள், சிவப்பு, கருப்பு ஒவ்வொண்ணும் அஞ்சு மீட்டர், கனமான கிளிப் போட்டு வாங்கிக்குங்க. ரெடிமேட் கேபிள் பல பார்வைக்குத்தான் தடிமன், உள்ளே கம்பி மெலிசு. ஒரு இழையைக் கத்தியால சுரண்டுங்க. வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம், கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க.

மாட்டும்போது ரெண்டு பேட்டரியையும் இணைக்கிற நடு லிங்க்ல கை வைக்காதீங்க. கடைசி கருப்பு கிளிப்பை பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத சேசிஸ்ல போடுங்க. காரிலிருந்து மட்டும் கரன்ட் எடுக்கவே கூடாது.

அது சரி, பாட்டு செட்டுக்கு ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்திருக்கீங்களா? அப்படின்னா அந்த ஒண்ணு மட்டும் அடிக்கடி படுக்கும். 24 வோல்ட்டை 12 ஆக்குற ஒரு கன்வர்ட்டர் போட்டுப் பாருங்க.