வாசகர் கேள்வி – பதில்: கோதுமைக் கப்பலும் கேழ்வரகுக் கொல்லையும்

கேள்வி: மழை பெய்த மறுவாரமே எங்கள் கொல்லையில் பார்த்தீனியம் மண்டிவிடுகிறது, பிடுங்குகிறவர்களுக்குக் கையெல்லாம் அரிப்பு. அந்தக் காலத்தில் அமெரிக்கா இலவசமாகக் கொடுத்த கோதுமையோடு வந்த செடி இது என்று என் தந்தையார் சொல்வார். உண்மைதானா?
– விவசாயி ஒருவர், காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்

பதில்: இறக்குமதித் தானியத்தோடு கலந்து வந்திருக்கக்கூடும் என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. ஆயினும் பழியைப் பி.எல்.480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் வந்த கோதுமையின் மீது போடுவதற்குக் காலக்கணக்கு இடம் தரவில்லை. புனேயில் இச்செடி 1955-ஐ ஒட்டியே கண்ணில் பட்டுவிட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டதோ 1956 ஆகஸ்டில். அந்தக் கோதுமை இலவசமும் அன்று. ரூபாயில் விலை கொடுத்தே வாங்கினோம்.

அந்தக் கோதுமை, இந்தப் பார்த்தீனியச் செடியைவிட ஆழமாக நம் கொல்லைகளைத் தொட்டது என்பதே என் எண்ணம். 1954-இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட அச்சட்டம், அமெரிக்க உழவர்களிடம் தேங்கிய உபரித் தானியத்தை வெளிநாடுகளில் தள்ளவும், அங்கே சந்தையும் நட்பும் தேடவும் இயற்றப்பட்டது. 1965-66-இல் மழை பொய்த்து, ஓராண்டில் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை நாம் இறக்குமதி செய்ய நேர்ந்தபோது, அதிபர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து, கப்பல்களைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். இந்தியா தன் வேளாண்மையைத் திருத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். வியட்நாம் போரைப் பற்றி நாம் குறை பேசுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. முதலாவது நடந்தது. ஆனால் வாய் மூடிக்கொள்வதற்கு மாறாக, இனி எவர் கப்பலுக்கும் காத்திருக்கக் கூடாது என்ற உறுதியே தில்லியில் வேர்விட்டது. வேளாண் அமைச்சராக இருந்த நம் சி. சுப்பிரமணியம் 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைத் தருவித்தார். ஐந்தாறு ஆண்டுகளில் பி.எல்.480 இறக்குமதியே நின்றது.

அந்த அவசரத்தில் நீரும் உரமும் விலையுறுதியும் கோதுமைக்கும் நெல்லுக்கும் போயின. மானாவாரியில் விளையும் கேழ்வரகும் சாமையும் கேட்பாரற்றுப் போக, களி தின்ற வீடுகளுக்கு ரேஷன் அரிசி வந்தது. இது வாஷிங்டனில் எவரும் எண்ணிப் பார்த்திராத விளைவு. ஆனால் கொள்முதலை அப்படி வகுத்தவை நம் அரசுகளே என்பதையும் மறைக்க மாட்டேன். 2023-இல்தான் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள்.

கேள்வி: பசித்தபோது சோறு போட்டவர்களைக் குறை சொல்வது நன்றி மறப்பது ஆகாதா?
– ஆசிரியை ஒருவர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஆகாது, அம்மா. அந்தக் கோதுமை பல லட்சம் பேரின் உயிரைத் தாங்கியது. அதற்குரிய நன்றி என்றும் உண்டு. கேள்வி, ஒரு மக்களின் பசியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பேச்சை அடக்க முனைந்ததைப் பற்றியது. எதிர்பாராத விளைவுகள் எல்லாம் தீங்காகவும் முடியவில்லை. நாம் கோதுமைக்குக் கொடுத்த ரூபாய் இங்கேயே குவிந்து கிடந்ததால், 1962 முதல் அதில் ஒரு பகுதியைக் கொண்டு இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இன்று இருக்கும் தமிழ்ச் சேகரிப்பு அவ்வாறு வளர்ந்ததே. இங்கே கிடைக்காத பழைய தமிழ்ப் புத்தகத்தை நம் ஆய்வு மாணவர்கள் அங்கே தேடிப் போகிறார்கள்.