அகலக்கோண லென்ஸுக்குப் பை பெல்லோஸ் அவசியமா?

கேள்வி: 4×5 அங்குல ஃபிலிமுக்கான மோனோரயில் கேமராவில் (லென்ஸைத் தாங்கும் முன் சட்டமும் ஃபிலிமைத் தாங்கும் பின் சட்டமும் ஒரே தண்டின் மேல் நகரும் கேமரா) இதுவரை 150 மி.மீ. லென்ஸைத்தான் பயன்படுத்தி வந்தேன். கட்டடங்களைப் படமெடுப்பதற்காக இப்போது நிக்கோர் எஸ்.டபிள்யூ. 90 மி.மீ. எஃப்/8 லென்ஸ் வாங்கியிருக்கிறேன். பிறகு ஒரு 65 மி.மீ. லென்ஸும் வாங்க எண்ணம். கேமராவோடு வந்த மடிப்பு பெல்லோஸிலேயே (இரு சட்டங்களையும் இணைக்கும், ஒளி புகாத மடிப்புக் குழாய்) 90 மி.மீ. லென்ஸ் முடிவிலிக்கு ஃபோகஸ் ஆகிவிடுகிறது. அப்படியிருக்க, மடிப்புகளுக்குப் பதில் தளர்ந்த துணிப் பையாக அமைந்த பை பெல்லோஸ் வாங்கத்தான் வேண்டுமா? லென்ஸைக் குழிக்குள் பொருத்தும் உள்வாங்கிய லென்ஸ் போர்டு ஒன்றே போதாதா?

பதில்: முடிவிலிக்கு ஃபோகஸ் ஆகிறது என்பதை வைத்து பெல்லோஸைத் தேர்வு செய்யக் கூடாது. முன் சட்டத்தை உங்களுக்குத் தேவையான அளவு உயர்த்திய பிறகும், பூட்டுகளைத் தளர்த்தினால் அது அதே இடத்தில் அமைதியாக நிற்கிறதா என்பதுதான் சரியான சோதனை. கட்டடங்களைப் படமெடுப்பவருக்கு ரைஸ், அதாவது முன் சட்டத்தை லென்ஸோடு மேலே உயர்த்துவது, அன்றாடத் தேவை. ஆகவே உங்களுக்குப் பை பெல்லோஸ் அவசியம் என்றே சொல்வேன்.

எஸ்.எல்.ஆர். கேமராக்களின் அகலக்கோண லென்ஸ்கள், உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிக்கு இடம் விடுவதற்காக, ஃபிலிமிலிருந்து குவியத் தூரத்தைவிட வெகு தொலைவில் நிற்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. 4×5 போன்ற பெரிய ஃபிலிமுக்கான லார்ஜ் ஃபார்மட் அகலக்கோண லென்ஸ்களோ பெரும்பாலும் சமச்சீர் அமைப்பை ஒட்டியவை. அவற்றில் லென்ஸ் போர்டிலிருந்து ஃபிலிம் வரையிலான பிளாஞ்ச் தூரம், குவியத் தூரத்தைவிடச் சில மில்லிமீட்டர்தான் கூடுதலாக இருக்கும். எனவே முடிவிலியில் உங்கள் 90 மி.மீ. லென்ஸுக்கு 100 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான இடைவெளியும், 65 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 70 மி.மீ. இடைவெளியும் மட்டுமே கிடைக்கும். நீளமாக விரியும் மடிப்பு பெல்லோஸை இந்த இடைவெளிக்குள் அழுத்தினால், மடிப்புகளின் மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து, பக்கவாட்டில் நழுவ இடமில்லாமல் இறுகிவிடும். அந்த நிலையில் முன் சட்டத்தை உயர்த்தும்போது, பெல்லோஸ் அழுத்திய சுருள்வில்லைப் போல அதைத் திருப்பித் தள்ளும்.

அந்தத் தள்ளல் சிறியதுதானே என்று விட்டுவிட முடியாது. முடிவிலியிலிருந்து 2 மீட்டர் வரை ஃபோகஸ் செய்ய, 90 மி.மீ. லென்ஸ் நகர வேண்டியது சுமார் 4.2 மி.மீ.; 65 மி.மீ. லென்ஸ் நகர வேண்டியது வெறும் 2.2 மி.மீ. முன் சட்டம் அரை மில்லிமீட்டர் பிசகினாலே அது இந்தப் பாதையில் கணிசமான பங்கு. அதைவிடக் கவலைக்குரியது, சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவது. 65 மி.மீ. லென்ஸ் நீங்கள் அறியாமல் ஒரே ஒரு பாகை முன்னோ பின்னோ சாய்ந்தால், ஃபிலிமுக்கு இணையாக இருக்க வேண்டிய கூர்மைத் தளம் தன் நிலையை இழந்து, லென்ஸுக்கு ஏறக்குறைய 3.7 மீட்டர் கீழே அல்லது மேலே உள்ள ஒரு கோட்டின் வழியாகச் செல்லும் சாய்தளமாகிவிடும். ஃபோகஸ் பார்ப்பதற்காகக் கேமராவின் பின்புறம் உள்ள கிரவுண்ட் கிளாஸில், அகலக்கோண லென்ஸ் தரும் மங்கலான பிம்பத்தில் இது எளிதில் தென்படாது. ஃபிலிமைக் கழுவிய பிறகு, கட்டடத்தின் அடிப்பகுதி கூர்மையாகவும் உச்சி மங்கலாகவும் இருப்பதைப் பார்த்து, பலர் லென்ஸைக் குறை சொல்கிறார்கள். தவறு பெல்லோஸுடையதாக இருக்கலாம்.

எவ்வளவு ரைஸ் செய்ய முடியும் என்பதை லென்ஸின் படவட்டமே, அதாவது அது பிம்பம் வீழ்த்தும் வட்டப் பரப்பின் விட்டமே, தீர்மானிக்கிறது. 4×5 ஃபிலிமில் படம் பதியும் பகுதி சுமார் 96×120 மி.மீ.; அதன் மூலைவிட்டம் 153 மி.மீ.க்கு அருகில் வரும். உங்கள் லென்ஸின் படவட்டம் 235 மி.மீ. என்பதால், கிடைமட்டச் சட்டகத்தில் 53 மி.மீ. வரை உயர்த்த முடியும். 65 மி.மீ. சூப்பர் ஆங்குலோன் எஃப்/5.6 லென்ஸுக்குப் படவட்டம் 170 மி.மீ.; அதில் 12 மி.மீ.தான் உயர்த்தலாம். ஆகவே குவியத் தூரம் குறையக் குறைய ரைஸ் போன்ற அசைவுக்கான தேவை கூடும் என்று எண்ணுவது சரியல்ல. 65 மி.மீ. லென்ஸுக்குச் சட்டங்கள் நெருங்கி வரவே பை பெல்லோஸ் வேண்டும், 90 மி.மீ. லென்ஸுக்கோ அதன் பெரிய படவட்டத்தை முழுதாகப் பயன்படுத்த அது வேண்டும். பழைய 90 மி.மீ. ஆங்குலோன் எஃப்/6.8 போன்ற சிறிய லென்ஸ் 4×5 சட்டகத்தை மூடுவதோடு ஏறக்குறைய நின்றுவிடும். அதை வைத்திருப்பவர் மடிப்பு பெல்லோஸிலேயே திருப்தியாகக் காலம் தள்ளலாம்.

டில்ட் (லென்ஸை வேண்டுமென்றே முன்னோ பின்னோ சாய்ப்பது) பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, தரை முழுவதையும் கூர்மையாக்க 90 மி.மீ. லென்ஸுக்குத் தேவைப்படுவது மூன்றரைப் பாகைக்கும் குறைவான டில்ட்தான்.

உள்வாங்கிய லென்ஸ் போர்டு லென்ஸைப் பின்னால் தள்ளி, சட்டங்களுக்கிடையே அந்த ஆழத்துக்குச் சமமான இடத்தை மீட்டுத் தருகிறது, 20 மி.மீ. ஆழமுள்ள போர்டில் 65 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், 70 மி.மீ.க்குப் பதிலாக 90 மி.மீ. இடைவெளி கிடைக்கும். ஆயினும் ஷட்டர் ஒரு குழிக்குள் அமர்வதால், வேகத்தையும் துவாரத்தையும் மாற்றுவதும் கேபிள் ரிலீஸைத் திருகுவதும் விரல்களுக்குச் சிரமம். பெல்லோஸைக் கழற்ற முடியாத மடக்குக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை. உங்கள் கேமராவில் முன்னும் பின்னும் உள்ள சட்டங்களே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் மட்டும், 65 மி.மீ. வாங்கும்போது அதைப் பற்றி யோசியுங்கள். பெல்லோஸை முழுவதும் கழற்றிவிட்டு, சட்டங்கள் எவ்வளவு நெருங்குகின்றன என்று அளந்து, அதை லென்ஸின் தரவுத் தாளில் உள்ள பிளாஞ்ச் தூரத்தோடு ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும்.

பை பெல்லோஸை வாங்கும்போது, உங்கள் கேமராவின் அதே மாடலுக்கான சட்டம் அதில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்குள்ளும் இது வேறுபடலாம். துணி மெல்லியதாகவும் எளிதில் வளைவதாகவும், உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பாகவும் இருக்க வேண்டும். பெரிய படவட்டம் கொண்ட லென்ஸ், ஃபிலிமில் விழாத ஒளியையெல்லாம் பெல்லோஸின் உட்சுவரில் கொட்டுகிறது. அது பளபளத்தால் அந்த ஒளி சிதறிப் படத்தின் கான்ட்ராஸ்ட் குறையும். பழைய பொருளானால், இருட்டறையில் சிறு டார்ச் விளக்கை உள்ளே வைத்து, மூலைகளிலும் தையலிலும் ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள்.

பைக்கும் ஒரு குறை உண்டு. அதன் தளர்ந்த துணி உள்ளே சரிந்து ஒளியை மறைக்கக்கூடும். முன் சட்டத்தை உயர்த்தும்போது, பையின் அடிப்பகுதி மேலே புடைத்து கிரவுண்ட் கிளாஸின் கீழ்ப்பகுதியை மறைத்தால், பிம்பம் தலைகீழாக இருப்பதால், வெட்டுப்படுவது கட்டடத்தின் உச்சியாக இருக்கும். எனவே அசைவுகளை முடித்த பின் துணியைக் கையால் வெளிப்புறமாக இழுத்துவிட்டு, லென்ஸின் துவாரத்தைப் படமெடுக்கும் அளவுக்குச் சுருக்கி, கிரவுண்ட் கிளாஸின் வெட்டப்பட்ட நான்கு மூலைகள் வழியாகவும் லென்ஸைப் பாருங்கள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் துவாரம் முழுமையாகத் தெரிய வேண்டும்.

உங்கள் 150 மி.மீ. லென்ஸுக்கு இந்தப் பை போதுமா என்பது அதன் அதிகபட்ச நீளத்தைப் பொறுத்தது. முடிவிலிக்கு எட்டினாலும், அருகிலுள்ள பொருளை நோக்கி லென்ஸை முன்னே நகர்த்தும்போது துணி விறைத்து ரைஸுக்கு இடமில்லாமல் போகலாம். ஆகவே பழைய மடிப்பு பெல்லோஸை விற்றுவிடாதீர்கள்.