சர்ரியலிச இலக்கியத்தை எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

சர்ரியலிசம் என்பது தர்க்கத்தை ஒதுக்கிவிட்டுக் கனவையும் ஆழ்மனத்தையும் நம்பிய கலை, இலக்கிய இயக்கம். அதை முன்நின்று நடத்திய பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924-ல் வெளியிட்ட சர்ரியலிச அறிக்கையிலிருந்து தொடங்கச் சொல்லிப் பலர் வருவார்கள். இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஓவியரும் எழுத்தாளருமான லியோனோரா காரிங்டனின் 'தி டெபுடான்ட்' சிறுகதையைப் படியுங்கள். சில பக்கங்கள்தான்.

பணக்கார வீட்டுப் பெண் ஒருத்திக்கு நடன விருந்து என்றாலே ஆகாது. மிருகக்காட்சிசாலையில் இருக்கும் கழுதைப்புலிதான் அவளுடைய சிநேகிதி. அதற்கு இவள் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தனக்குப் பதிலாக அதையே விருந்துக்கு அனுப்பலாம் என்று முடிவாகிறது. சரி, முகத்துக்கு என்ன செய்வது? வேலைக்காரியின் முகத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறேன் என்கிறது கழுதைப்புலி. கிழிப்பதற்கு முன்னால் அவளைக் கொன்றுவிடு, இல்லாவிட்டால் ரொம்ப வலிக்கும் என்பதுதான் பெண் போடும் ஒரே நிபந்தனை! இத்தனையும் வீட்டு விசேஷத்துக்குப் புடவை எடுப்பது பற்றிப் பேசும் குரலில் நடக்கிறது. 'இது கனவு' என்று எங்கேயும் தப்பித்துக்கொள்வதில்லை. விருந்தில் என்ன ஆகிறது என்பதை நான் சொல்ல மாட்டேன்.

பிடித்திருந்தால் அவருடைய 'தி ஹியரிங் டிரம்பெட்' நாவலுக்குப் போங்கள். 92 வயதான, காது கேட்காத மரியனுக்குத் தோழி ஒரு கேட்புக்குழல் பரிசளிக்கிறாள். அதை வைத்து மரியன் ஒட்டுக்கேட்பது, தன்னை முதியோர் இல்லத்துக்கு அனுப்பச் சொந்தக் குடும்பமே போடும் திட்டத்தை. பின்பாதியில் பனியுகமே வந்துவிடும், மிரள வேண்டாம்.

அப்புறம் பிரெத்தோனின் 'நாட்ஜா' (1928). இடங்களை வர்ணிப்பதற்குப் பதில் புகைப்படங்களை வைத்திருப்பார். பாரிஸ் தெருக்களுக்காகவே படிக்கலாம். ஆனால் நூலின் நாயகியான நாட்ஜா நிஜத்தில் வாழ்ந்த பெண்; அவள் மனநல விடுதிக்குப் போன பிறகு பிரெத்தோன் காட்டும் விலகல் எனக்கு இன்றுவரை எரிச்சல்தான்.

பிரெத்தோனும் பிலிப் சூப்போவும் 1919-ல் யோசிக்காமல் வேகவேகமாக எழுதிச் சேர்த்த 'மேக்னெடிக் ஃபீல்ட்ஸ்' நூலை இரண்டு பக்கம் பார்த்தால் போதும். முதல் உலகப்போரின்போது மனநோயாளிகள் பிரிவில் வேலை பார்த்த மருத்துவ மாணவர் பிரெத்தோன். மனத்தில் தோன்றுவதைத் தடையில்லாமல் சொல்லவைக்கும் ஃபிராய்டின் முறையைத் தன்மீதே பரிசோதித்துப் பார்த்திருக்கிறார். வரலாற்று முக்கியத்துவம் உண்டு, வாசிப்புச் சுகம் குறைவு. அதைவிட, பிரெத்தோனின் சர்ரியலிசக் குழு 1925 வாக்கில் விளையாடிய காகித விளையாட்டை நண்பர்களோடு ஆடிப்பாருங்கள்: ஒருவர் ஒரு சொல் எழுதி மடித்துத் தர, அதைப் பார்க்காமல் அடுத்தவர் தொடர வேண்டும்.

காஃப்காவையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். படியுங்கள், ஆனால் அவர் இந்தக் குழுவைச் சேர்ந்தவர் இல்லை. அறிக்கை வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார்.

காரிங்டனின் சிறுகதைகள் முழுத் தொகுப்பாக ஆங்கிலத்தில் 2017-ல் வந்திருக்கின்றன. ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள்.