டீக்கடை பிரான்சைஸ்: முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: திருச்சியில் வசிக்கிறேன். விருப்ப ஓய்வில் கிடைத்த 12 லட்சம் ரூபாய் வங்கி வைப்பில் இருக்கிறது. ஒரு டீக்கடை நிறுவனத்தின் பிரான்சைஸ் (அவர்கள் பெயரில் கடை நடத்தும் உரிமம்) எடுக்க விரும்புகிறேன். உரிமக் கட்டணம் 3 லட்சம், கடை அமைக்க 6 லட்சம், விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி. மாதம் 3 லட்சம் ரூபாய் விற்பனை உறுதி என்று சொல்லி, இந்த வாரமே முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள்.

அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்கும் நிறுவனம், பணம் வாங்குவதற்கோ கையெழுத்து பெறுவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே தன் மீதான வழக்குகள், கட்டணங்கள், மூடப்பட்ட கடைகள் ஆகிய விவரங்களை ஆவணமாகத் தந்தாக வேண்டும். மலேசியாவில் இதற்கென 1998ஆம் ஆண்டின் தனிச் சட்டமே உண்டு. இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் உங்களுக்கு முதன்மையான பாதுகாப்பு. வெறுமனே மௌனம் காப்பது பொதுவாக மோசடியாகாது என்று அதன் 17ஆம் பிரிவு சொல்வதால், நீங்கள் கேட்காததை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட முடியும். ஆனால் எழுத்தில் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய்யான பதில் தந்து உங்களைக் கையெழுத்திட வைத்தால், ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆகவே எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். 3 லட்சம் விற்பனை உறுதி என்பதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அதை உறுதிமொழியாகக் கொள்ள வேண்டாம்.

ராயல்டி லாபத்தின் மீதல்ல, விற்பனையின் மீது என்பதைக் கவனியுங்கள். 3 லட்சம் விற்றால் ராயல்டி 18,000. அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 3,240. நீங்கள் உணவகங்களுக்கான 5 சதவீத ஜிஎஸ்டி முறையில் இருந்தால், இந்த 3,240 ரூபாயை உள்ளீட்டு வரிக் கழிவாகப் பெற முடியாது, அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. பால், தூள், பலகாரத்துக்கு 40 சதவீதம், வாடகை, சம்பளம், மின்சாரம், எரிவாயுவுக்கு 1,10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 48,760 ரூபாய். விற்பனை 2,40,000 ஆகக் குறைந்தால் அதே கணக்கில் நிற்பது 17,008 ரூபாய்தான். விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே லாபத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. இதில் உங்கள் உழைப்புக்கான சம்பளத்தை நான் சேர்க்கவே இல்லை. தூளை அவர்களிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அதன் விலையை யார், எப்போது உயர்த்தலாம் என்பதையும் கேளுங்கள்.

நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தத்தான் 3 லட்சம் தருகிறீர்கள். அந்தப் பெயர் உணவகச் சேவைக்கான 43ஆம் வகுப்பில் பதிவாகியிருக்கிறதா, விண்ணப்ப நிலையில்தான் நிற்கிறதா என்பதை வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு டீக்கடை நடத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஒப்பந்தக் காலத்துக்குள் போட்டிக் கடை நடத்தத் தடை விதிப்பது வேறு. கோகோ கோலாவுக்கும் குஜராத் பாட்லிங் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய தடையை ஏற்றுக்கொண்டது.

இப்போது கடை நடத்துபவர்கள், நடத்தி மூடியவர்கள் ஆகிய இரு தரப்பின் தொடர்பு எண்களையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். மூடியவர்களிடம்தான் அதிக நேரம் பேச வேண்டும். அதன் பிறகு ஒப்பந்த வரைவை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, உரிமக் காலமும் கடையின் வாடகை ஒப்பந்தக் காலமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மீதமுள்ள 3 லட்சத்தை, கடை அட்வான்ஸ் போக, முதல் ஆறு மாத நஷ்டத்துக்கென ஒதுக்க முடியாவிட்டால் இந்தக் கடை உங்கள் சேமிப்புக்குப் பெரியது.