முதலில் எழுதும் இனம்

கேள்வி: சிங்கப்பூரில் படிக்கும் என் மகள் இனம், பண்பாடு பற்றி ஒரு பாடத்தை விரும்பி எடுத்திருக்கிறாள். அங்கே எல்லாரும் ஒற்றுமையாகத்தானே இருக்கிறார்கள்? இதையெல்லாம் கிளறினால் இல்லாத பிரிவினை வந்துவிடாதா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: பேசாமல் விட்டால் சரியாகிவிடும் என்று அந்த ஊரே நினைக்கவில்லை, நீங்கள் நினைக்கிறீர்கள். 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட சீன, மலாய்க் கலவரத்தில் 23 பேர் செத்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் 13 பேர். அந்த ஜூலை 21-ஐத்தான் இன்று பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். நீங்கள் பார்க்கும் ஒற்றுமை தானாக முளைத்ததல்ல. விதி போட்டு, கணக்கு வைத்து வளர்த்தது.

அந்தக் கணக்கைத்தான் உங்கள் மகள் படிக்கிறாள். அங்கே பெரும்பாலோர் குடியிருப்பது வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடிகளில். ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்று 1989-இல் வரம்பு கொண்டுவந்தார்கள். இப்போது ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 15. அதற்கு மேல் போகக் கூடாது. நோக்கம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டை விற்கும்போது என்ன ஆகிறது? புளோக்கில் சீனர் பங்கு நிரம்பியிருந்தால் சீனருக்கு விற்க முடியாது. ஊரில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள். வந்து பார்த்து, பிடித்துப்போய், விலையும் பேசத் தயாராக இருப்பவரை வாசலிலேயே அனுப்பிவைக்க வேண்டும். ஒன்று, விலையைக் குறைக்கணும். இல்லையென்றால் மாதக்கணக்கில் காத்திருக்கணும். பக்கத்து வீட்டுச் சீனரோ இன்னொரு சீனருக்குத் தாராளமாக விற்கலாம், அதில் பங்கு கூடுவதில்லை. ஒற்றுமையாகத்தானே இருக்கிறோம் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் குறை யார் காதில் விழுந்திருக்கும்? பேசினார்கள். 2022-இல், இப்படி விற்க முடியாமல் தவிக்கும் சிலரின் வீடுகளை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது.

அப்புறம், அந்த ‘இந்தியர்’ என்பது யார்? தமிழர், மலையாளி, சீக்கியர், வங்காளதேசத்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அப்பா தமிழர், அம்மா சீனர் என்றால்? 2011 முதல் குழந்தைக்கு ‘இந்தியர்-சீனர்’ என்று இரண்டையும் சேர்த்தே பதியலாம். ஆனால் வீட்டு வரம்புக்கு முதலில் எழுதியதுதான் கணக்கு. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு எதை முன்னால் எழுதுவது என்று அப்பாவும் அம்மாவும் அன்றைக்கு எடுக்கும் முடிவு, முப்பது வருஷம் கழித்து அது எந்த புளோக்கில் வீடு வாங்கலாம் என்பது வரை போகிறது.